'டியூட்டி ஃப்ரீ'ன்னா ஃப்ரீ இல்லைங்க: அமெரிக்க பிக்கப்போட ஐரோப்பா போறவங்களுக்கு ஒரு சி.ஏ.வோட கணக்கு

போன வாரம் சேனல்ல ஆன்சைட் மாறுதல் பத்திப் போட்ட வீடியோவுக்குக் கீழே ஒரே மாதிரி கேள்வி நாலஞ்சு வந்திருந்தது. "சார், அமெரிக்காவுல வாங்கின வண்டியை ஜெர்மனிக்குக் கொண்டுபோனா வரி கட்டணுமா?" இந்தக் கேள்விக்கு ஒரு தடவை நான் ஒரே வரியில பதில் சொல்லியிருக்கேன். அந்தப் பதில்ல தப்பே கிடையாது. ஆனா அதை நம்பின என் காலேஜ் ஜூனியருக்குப் பத்தொன்பதாயிரம் யூரோ போச்சு. அவரோட அனுமதியோடதான் எழுதுறேன். பேரு மட்டும் வேண்டாம்னார்.

தம்பி டெக்சாஸ்ல சாஃப்ட்வேர் வேலையில இருந்தார். 2022-ல ஒரு ஃபோர்டு எஃப்-150 வாங்கினார். ஐந்து லிட்டர் வி8 இன்ஜின், நாலு கதவு, நாலு சக்கர டிரைவ். விலை 52,000 டாலர். அதுக்கு மேல 9,000 டாலருக்கு வேலை பார்த்தார்: ஆறு இன்ச் உயர்த்துற லிஃப்ட் கிட், 35 இன்ச் டயர், வேற எக்ஸாஸ்ட், கூரை மேல எல்.இ.டி. விளக்குப் பட்டை. ஆக மொத்தம் 61,000.

இதைப் படிச்சதும் 'வெட்டிச் செலவு'ன்னு சொல்லத் தோணும். நான் சொல்ல மாட்டேன். அவங்க அப்பா டி.வி.எஸ். 50-ல முன்னாடி ஒரு பிள்ளை, பின்னாடி ஒரு பிள்ளைன்னு வச்சு ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டவர். அந்த அப்பா டெக்சாஸ் வந்தப்ப இந்த டிரக் பக்கத்துல நின்னு எடுத்த போட்டோதான் இன்னைக்கும் அவங்க வீட்டு ஹால்ல இருக்கு. அந்தப் போட்டோவை எந்த எக்செல் ஷீட்லயும் போட முடியாது, அது எனக்கும் தெரியும்.

2024-ல கம்பெனி அவரை ஸ்டுட்கார்ட் பக்கம் மாத்துச்சு. புது ஒப்பந்தம், யூரோவுல சம்பளம். எனக்கு போன் பண்ணி, "அண்ணா, டிரக்கைக் கூடவே கொண்டுபோனா டாக்ஸ் வருமா?"ன்னு கேட்டார். நான் விதியைப் பார்த்துட்டு, "ரிலீஃப் இருக்கு தம்பி, வரி வராது"ன்னு சொல்லி போனை வச்சுட்டேன்.

நான் சொன்ன விதி என்ன?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து குடிபெயர்ந்து வர்றவங்க, தாங்க பயன்படுத்திட்டிருந்த சொந்தப் பொருட்களை இறக்குமதி வரி இல்லாம கொண்டுவரலாம். காரும் அதுல அடக்கம். 2009-ல வந்த 1186-ம் எண் ஒழுங்குமுறைதான் இதுக்கு அடிப்படை. வாட் விலக்குக்குத் தனி உத்தரவு இருக்கு. முக்கியமான நிபந்தனைகள் இவை:

- குறைஞ்சது தொடர்ந்து 12 மாசம் ஒன்றியத்துக்கு வெளியே குடியிருந்திருக்கணும்.
- வண்டி குறைஞ்சது 6 மாசம் உங்க கையில, உங்க பயன்பாட்டுல இருந்திருக்கணும்.
- குடியேறின 12 மாசத்துக்குள்ள கொண்டுவரணும்.
- கொண்டுவந்த பிறகு 12 மாசம் விற்கக்கூடாது, வாடகைக்கோ இரவலோ விடக்கூடாது, அடகும் வைக்கக்கூடாது. மீறினா விட்டுக்கொடுத்த வரியைக் கேட்பாங்க.

விலக்கு இல்லைன்னா எவ்வளவு வரும்? பயணிகள் காருக்கு ஒன்றியத்தோட பொது விகிதம் 10%. சரக்கு வண்டின்னு முடிவாச்சுன்னா, பெரிய இன்ஜினுக்கு 22%. பிக்கப் இது ரெண்டுல எதுல சேரும்? பின்னாடி இருக்கிற சரக்குப் பெட்டியோட உள்நீளம், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற நீளத்துல பாதிக்கு மேல இருந்தா சரக்கு வண்டி. தம்பியோடது ஐந்தரை அடிப் பெட்டி, சுமார் 46% வருது. அதனால கார் பக்கம். 35,000 யூரோ மதிப்புக்கு 10% டியூட்டி 3,500. ரெண்டையும் கூட்டி அது மேல ஜெர்மனியோட 19% வாட் 7,315. மொத்தம் 10,815 யூரோ. இது வெறும் கணக்குக்கான உதாரணம்தான். 2025-ல இருந்து அமெரிக்காவும் ஒன்றியமும் வரி பத்திப் பேசிட்டே இருக்காங்க, அதனால அங்க சுங்கத்துல டிக்ளரேஷனை ஏத்துக்கிற அன்னைக்கு இருக்கிற விகிதத்தைத்தான் எடுத்துக்கணும்.

"அப்போ 10,815 யூரோ மிச்சம்தானே சார்?" இந்த இடத்துலதான் நான் கோட்டை விட்டேன். டிரக்கை டெக்சாஸ்லயே வித்திருந்தாலும் அவர் கட்டவேண்டிய இறக்குமதி வரி பூஜ்யம்தான். கொண்டுவராத பொருளுக்கு யாரும் வரி கேட்கிறதில்லை. ஆக அந்த விலக்குல அவர் ஒரு பைசாகூட சம்பாதிக்கலை. ஆடித் தள்ளுபடியில தேவையில்லாத புடவையை எடுத்துட்டு 'ஆயிரம் ரூபா மிச்சம்'னு சொல்றோமே, அந்தக் கதைதான் இது.

முதல் அடி: லோன்

கிளம்புற சமயத்துல டிரக்குக்கு வந்த நல்ல விலை 38,000 டாலர். லோன் பாக்கி 27,000. வித்திருந்தா 11,000 டாலர் கையில வந்திருக்கும், சேமிப்புல கைவைக்கவே தேவையிருந்திருக்காது.

"61,000 போட்ட வண்டியை 38,000-க்குக் கொடுக்கவா?"ன்னார் தம்பி. நம்ம எல்லாருக்கும் இருக்கிற வியாதி இது. போட்ட 61,000 போனதுதான். வித்தாலும் போனது, வச்சுக்கிட்டாலும் போனது. இன்னைக்கு முடிவுக்கு வேணுங்கிற ஒரே எண் 38,000.

ஆனா லோன் இருக்கிற வண்டியை அமெரிக்காவுல இருந்து நினைச்ச மாதிரி கப்பல் ஏத்த முடியாது. ஏற்றுமதிக்கு 72 மணி நேரம் முன்னாடி டைட்டில் பத்திரத்தைச் சுங்கத்துறைகிட்ட காட்டணும். கடன் கொடுத்தவங்களுக்கு அதுல உரிமை இருந்தா அவங்க எழுத்துல சம்மதம் தரணும். தம்பிக்குக் கடன் கொடுத்தவங்க 'முழுசா அடைச்சுட்டு எடுத்துட்டுப் போங்க'ன்னுட்டாங்க. சேமிப்புல இருந்து 27,000 டாலரை எடுத்து அடைச்சார்.

அந்தப் பணம் எமர்ஜென்சி ஃபண்ட். புது நாடு, மனைவிக்கு இன்னும் வேலை இல்லை, கையில ஒரு வயசுக் குழந்தை. ஜெர்மனியில புது ஒப்பந்தத்துல வழக்கமா ஆறு மாசம் வரைக்கும் புரொபேஷன் போடுவாங்க. அந்தக் காலத்துல ரெண்டு வார நோட்டீஸ் கொடுத்து வெளியே அனுப்பலாம். வேலைக்கு ஒண்ணும் ஆகலை, நல்ல நேரம். ஆனா அந்த ஆறு மாசம் அவர் எப்படித் தூங்கியிருப்பார்னு யோசிச்சுப் பாருங்க. ஆறு மாசச் சம்பளத்தைத் தனியா வைக்கணும்னு ஒவ்வொரு வீடியோவிலயும் கத்துற ஆள் நான். அவர்கிட்ட 'லோன் பாக்கி எவ்வளவு'ன்னு கேட்கவே இல்லை.

ரெண்டாவது அடி: மாடிஃபிகேஷன்

டெக்சாஸ்ல வண்டியை உயர்த்துறது உங்க இஷ்டம். அந்த மாநிலம் 2025 ஜனவரியில இருந்து தனியார் வண்டிகளுக்கு வருடாந்திர பாதுகாப்புச் சோதனையையே எடுத்துடுச்சு. ஜெர்மனியில கதை தலைகீழ். அங்க ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காகிதம் வேணும். அந்தப் பாகத்தோட ஐரோப்பிய அனுமதி முத்திரையோ, பரிசோதனை அறிக்கையோ இல்லைன்னா வண்டி ஓடுறதுக்கான அனுமதியே ரத்தாகலாம். அதுக்கப்புறம் ஒரு விபத்து நடந்தா இன்சூரன்ஸ்காரங்ககிட்ட என்ன பதில் சொல்லுவீங்க?

அமெரிக்காவுக்குன்னு தயாரான வண்டிக்கு ஐரோப்பிய அனுமதி பொதுவா இருக்காது. அதனால டி.யு.வி. மாதிரி பரிசோதனை அமைப்பு வண்டியைத் தனியா பார்த்துச் சான்று தரணும். ஃபேக்டரியில இருந்து வந்த அப்படியே இருந்தாலும் மாத்தவேண்டியது இருக்கு. அமெரிக்காவுல பின்பக்க இண்டிகேட்டர் சிவப்பா இருக்கலாம், ஐரோப்பாவுல மஞ்சள்தான். பின்னாடி மூடுபனி விளக்கு கட்டாயம். ஹெட்லைட்டோட ஒளி விழற வடிவமே வேற. குடிபெயர்ந்து வர்றவங்க சில விதிகளுக்குத் தளர்வு கேட்கலாம், ஆனா கேட்டது எல்லாம் கிடைக்கும்னு நம்பி கப்பல் ஏத்தக்கூடாது.

தம்பியோட லிஃப்ட் கிட்டுக்கு ஜெர்மனியில செல்லுபடியாகிற காகிதம் இல்லை. எக்ஸாஸ்ட்டுக்கும் இல்லை. விளக்குப் பட்டைக்கும் இல்லை. எல்லாத்தையும் கழட்டிட்டு ஒரிஜினல் சஸ்பென்ஷன், வீல், டயர் போடச் சொன்னாங்க. அந்த ஒரிஜினல் பாகங்களை லிஃப்ட் கிட் போட்ட அன்னைக்கே 600 டாலருக்குத் தள்ளிவிட்டிருந்தார். அதையே ஐரோப்பாவுல தேடி வாங்கி மாட்ட 3,800 யூரோ ஆச்சு.

இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க. மாடிஃபிகேஷன் செலவு மூணு தடவை வருது. போடும்போது ஒரு தடவை. விற்கும்போது அதுக்கு யாரும் முழு விலை தராததால ரெண்டாவது தடவை. ஐரோப்பாவுல கழட்டும்போது மூணாவது தடவை.

டீசல் டிரக்ல புகை வடிகட்டியைக் கழட்டி எறிஞ்சுட்டு ஓட்டுறவங்களும் இருக்காங்க. அது அமெரிக்கச் சட்டத்துலயே குற்றம். அப்படி ஒரு வண்டியோட ஐரோப்பா பக்கம் தலைவைச்சும் படுக்காதீங்க.

தம்பியோட முழுச் செலவுப் பட்டியல் இதோ. எல்லாம் யூரோவுல:

- துறைமுகம் வரை எடுத்துட்டுப் போனது, பிரேமர்ஹாஃபன் வரை கப்பல், கடல் இன்சூரன்ஸ்: 3,150
- துறைமுகக் கட்டணம், சுங்க ஏஜென்ட்: 650
- விளக்குகள் மாற்றம்: 1,900
- சஸ்பென்ஷன், வீல், டயர் பழையபடி மாற்றம்: 3,800
- எக்ஸாஸ்ட் பழையபடி மாற்றம்: 900
- தொழில்நுட்ப விவரத் தாள், பரிசோதனை, பதிவு: 1,200
- டிரக் ஷெட்ல நின்ன மூணு மாசத்துக்கு வாடகைக் கார்: 1,400

மொத்தம் 13,000 யூரோ. இதுல 'வரி'ங்கிற வார்த்தை எங்கேயாவது இருக்கா? இல்லை. நான் சொன்னது சரிதான். ஆனா பிரயோஜனமில்லாத சரி.

மூணாவது அடி: ஓட்டுற செலவும் நிறுத்துற இடமும்

பெட்ரோலைப் பார்ப்போம். இந்த டிரக் ஒரிஜினல் நிலையிலேயே கேலனுக்குச் சுமார் 19 மைல் தரும், அதாவது 100 கிலோமீட்டருக்கு 12.4 லிட்டர். வருஷம் 15,000 கி.மீ. ஓட்டினா 1,860 லிட்டர். டெக்சாஸ்ல கேலன் 3 டாலர்னு வச்சா வருஷத்துக்கு 1,474 டாலர். ஜெர்மனியில லிட்டர் 1.75 யூரோன்னு வச்சா 3,255 யூரோ. வண்டியும் அதேதான், தூரமும் அதேதான், செலவு ரெண்டு மடங்குக்கு மேல.

அடுத்தது வருடாந்திர வாகன வரி. 2021-க்கு அப்புறம் முதல் பதிவான பெட்ரோல் காருக்கு ஜெர்மனியில 100 சி.சி.க்கு 2 யூரோ. ஐந்து லிட்டருக்கு 100 யூரோ, இது பெருசில்லை. இதோட கிலோமீட்டருக்கு 95 கிராம் தாண்டுற கார்பன் புகைக்குக் கிராம் கணக்குல வரி உண்டு. அது 2 யூரோவுல ஆரம்பிச்சு 4 யூரோ வரை ஏறும். 300 கிராம்னு வச்சா இந்தப் பகுதி மட்டும் 680. ஆக வருஷம் 780 யூரோ. சரக்கு வண்டின்னு பதிவானா எடைக் கணக்குல குறையலாம், ஆனா அதை நீங்க முடிவு பண்ண முடியாது.

இந்த 780-க்குப் பக்கத்துல இன்னொரு எண்ணை வைங்க. 2026-ல டாய்ச்லாண்ட் டிக்கெட் மாசம் 63 யூரோ, வருஷம் 756. அந்த ஒரு டிக்கெட்டுல நாடு முழுக்க லோக்கல் ரயில், மெட்ரோ, டிராம், பஸ் எல்லாத்துலயும் போகலாம். விரைவு ரயில் மட்டும் சேராது. பெட்ரோல் போடுறதுக்கு முன்னாடியே, ரோட்டுல நிக்கிறதுக்கு மட்டும் கட்டுற பணத்துல வருஷம் முழுக்க ஊர் சுத்திடலாம்.

இடம்? எஃப்-150-யோட நீளம் கிட்டத்தட்ட 5.9 மீட்டர். கண்ணாடி சேர்க்காமலே அகலம் 2.03 மீட்டர், கண்ணாடியோட சேர்த்தா 2.4 மீட்டரைத் தாண்டும். ஜெர்மனியில சாதாரண பார்க்கிங் கட்டம் 5 மீட்டர் நீளம், இரண்டே கால், இரண்டரை மீட்டர் அகலம். பழைய நிலத்தடி பார்க்கிங்ல உயர வரம்பு பல இடத்துல 2 மீட்டர்தான். லிஃப்ட் கிட் போட்ட வண்டி நுழையவே நுழையாது. ஆட்டோபான்ல ரோடு வேலை நடக்கிற இடத்துல இடது லேனுக்கு 2.1 மீட்டர் மாதிரி அகல வரம்பு வைப்பாங்க, கண்ணாடியையும் சேர்த்துத்தான் அளவு. தம்பி பேஸ்மென்ட் பார்க்கிங்குக்கும் சேர்த்து வாடகை கட்டிக்கிட்டு, டிரக்கை வீட்டுல இருந்து 700 மீட்டர் தள்ளி நிறுத்திட்டு நடந்து வந்தார். குழந்தையைத் தூக்கிக்கிட்டு, மழையில.

பெரிய வண்டி வச்சிருக்கிறவங்க லைசென்ஸையும் பாருங்க. சாதாரண பி வகை லைசென்ஸ் 3,500 கிலோ மொத்த எடை வரைக்கும்தான். அதாவது 7,716 பவுண்டு. டிரைவர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல மொத்த எடை போட்டிருக்கும், இன்னைக்கே போய்ப் பாருங்க. தம்பியோடது அதுக்குள்ள இருந்தது. எஃப்-250 மாதிரி 10,000 பவுண்டு வண்டின்னா 4,536 கிலோ. அதுக்கு சி1 லைசென்ஸ் வேணும், அது தனிப் பயிற்சி, தனித் தேர்வு. அமெரிக்க லைசென்ஸை மாத்துற விதியும் மாநிலத்துக்கு மாநிலம் வேற. சிலதை டெஸ்ட் இல்லாமலே மாத்தலாம், சிலதுக்கு முடியாது. நம்ம ஊர் லைசென்ஸ் மட்டும் இருந்தா, ஆறு மாசத்துக்கு அப்புறம் ஓட்ட தியரி, பிராக்டிகல் ரெண்டும் எழுதித்தான் ஆகணும்.

ஜெர்மனியாவது பரவாயில்லை. பிரான்ஸ்ல அதிகப் புகை விடுற வண்டிக்கு முதல் பதிவின்போது போடுற அபராத வரியோட உச்சவரம்பு 2025-ல 70,000 யூரோ. பாரிஸ் நகரத்துல 2024 அக்டோபர்ல இருந்து, வெளியூர்க்காரங்க 1.6 டன்னுக்கு மேல எடையுள்ள பெட்ரோல் வண்டியை மையப் பகுதித் தெருவுல நிறுத்தினா மணிக்கு 18 யூரோ. அதனால 'ஐரோப்பா'ன்னு ஒரு பதில் கிடையாது. எந்த நாடு, எந்த ஊர்னு கேளுங்க.

"ஆனா யூடியூப்ல ஓட்டுறாங்களே சார்?"

தம்பியும் இதையேதான் கேட்டார். ஜெர்மனியில உயர்த்தின அமெரிக்க டிரக் ஓட்டுற வீடியோக்கள் நிறைய இருக்கு. அதுல பலது ராம்ஸ்டைன், கைசர்ஸ்லாட்டர்ன் பக்கம் எடுத்தது. அங்க இருக்கிறது அமெரிக்க ராணுவத் தளங்கள். அந்த வீரர்கள் நேட்டோ படை ஒப்பந்தத்தின் கீழே இருக்காங்க. வண்டியை அவங்க படையோட தனி முறையிலயே பதிவு பண்றாங்க, வரி இல்லாத பெட்ரோலுக்கு அளவு ஒதுக்கீடு இருக்கு, ஒரு வண்டியை அரசாங்கச் செலவுலயே கப்பல்ல அனுப்பவும் வழி இருக்கு. அவங்க கணக்கு அவங்களுக்குச் சரி. ஒரு ஐ.டி. ஊழியருக்கு அதுல ஒரு வரிகூடப் பொருந்தாது. வீடியோ பார்க்கும்போது 'இவர் யாரு, இவருக்கு யார் பணம் கட்டுறாங்க'ன்னு முதல்ல பாருங்க. என் வீடியோவுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

ஐரோப்பாவுல இந்த வண்டி ஏன் இவ்வளவு அந்நியம்னும் தெரிஞ்சுக்கோங்க. 1960-களில் ஐரோப்பியச் சந்தை அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரியை ஏத்துச்சு. பதிலுக்கு அமெரிக்கா 1964-ல இறக்குமதி ஆகிற சிறிய டிரக்குகளுக்கு 25% வரி போட்டது. 'சிக்கன் டாக்ஸ்'னே அதுக்குப் பேரு. கோழிச் சண்டை ஓய்ஞ்சுபோச்சு, டிரக் வரி அறுபது வருஷம் நின்னுச்சு. அந்த மதிலுக்குள்ள போட்டி பெருசா இல்லாம அமெரிக்க பிக்கப் வளர்ந்தது. இந்தப் பக்கம் பெட்ரோல் வரி அதிகம், தெரு குறுகல், அதனால வண்டி சின்னதா நின்னுடுச்சு. 2025 ஆகஸ்ட்ல ரெண்டு தரப்பும் ஒருத்தர் வாகனத் தரத்தை ஒருத்தர் ஏத்துக்கிற நோக்கம் இருக்குன்னு கூட்டறிக்கை விட்டிருக்காங்க. நல்ல செய்திதான். ஆனா கூட்டறிக்கையைக் காட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வேலை நடக்காது, அது எந்த ஊரா இருந்தாலும் சரி.

யார் கொண்டுபோகலாம்?

எல்லாரும் வித்துடுங்கன்னு நான் சொல்லலை. கம்பெனி கப்பல் செலவு, மாற்றச் செலவு ரெண்டையும் எழுத்துல ஏத்துக்கிட்டா யோசிக்கலாம். பெரிய டிரெய்லர் இழுக்கிற வேலை நிஜமாவே இருந்தாலும் யோசிக்கலாம். 30 வருஷம் தாண்டின, ஒரிஜினலா வச்சிருக்கிற பழைய டிரக்குக்குத் தனிச் சலுகையே இருக்கு. ஜெர்மனியில அதுக்கு 'எச்' எண் பலகை, வருஷ வரி நிலையா சுமார் 191 யூரோ. ஆனா 'ஒரிஜினல்'ங்கிற வார்த்தையைக் கவனிங்க, கண்டபடி மாத்தின வண்டிக்கு அது கிடைக்காது.

மத்தவங்க, அதாவது உங்கள்ல பெரும்பாலானவங்க, ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கோங்க. 'இந்த டிரக்கோட இன்னைய விற்பனை விலை முழுக்க பணமா என் கையில இருக்கு. நான் ஸ்டுட்கார்ட்ல நிக்கிறேன். இந்தப் பணத்தோட மேற்கொண்டு 13,000 யூரோ போட்டு இதே டிரக்கை இங்க வாங்குவேனா?'

வாங்குவேன்னா கொண்டுபோங்க. மாட்டேன்னா வித்துடுங்க. கொண்டுபோறதும் வாங்குறதும் ஒண்ணுதான். நடுவுல கடல் இருக்கிறதால நமக்கு வேற மாதிரி தெரியுது.

கேள்விக்குப் பதில் கிடைச்சதும் செய்யவேண்டியது:

1. மாறுதல் பேச்சு வந்த அன்னைக்கே லோன் பாக்கியையும் மூணு இடத்து விற்பனை விலையையும் எழுதி வைங்க. கடைசி வாரத்துல வித்தா அடிமாட்டு விலைதான்.
2. மாத்தின பாகங்களைக் கழட்டித் தனியா வித்தா என்ன வரும்னு பாருங்க. ஒரிஜினல் பாகங்களை எப்பவும் தூக்கிப் போடாதீங்க.
3. கம்பெனிகிட்ட 'வண்டியை ஷிப் பண்ணித் தாங்க'ன்னு கேட்கிறதுக்குப் பதிலா, அந்தத் தொகையைப் பணமா தர முடியுமான்னு கேளுங்க. அதுக்கு வரி எப்படின்னு எழுத்துல வாங்கிக்கோங்க.
4. கொண்டுபோறதுன்னு முடிவு பண்ணினா, கப்பலுக்கு முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த ஊர் பரிசோதனை மையத்துக்கு வண்டியோட முழு விவரத்தையும் அனுப்பி, என்னென்ன மாத்தணும்னு எழுத்துல கேளுங்க. இன்சூரன்ஸ் விலையும் அப்பவே கேளுங்க.
5. எமர்ஜென்சி ஃபண்டுல கைவைச்சாதான் வண்டி கப்பல் ஏறும்னா, வண்டி ஏறக்கூடாது.

கடைசிக் கணக்கு

விலக்கோட நிபந்தனைப்படி 12 மாசம் விற்க முடியாது. அது முடிஞ்சு ரெண்டு மாசத்துல, பதினாலாவது மாசம் தம்பி டிரக்கை வித்தார். கிடைச்சது 29,000 யூரோ. டெக்சாஸ்ல வந்த 38,000 டாலர் அன்னைய மதிப்புல சுமார் 35,000 யூரோ. 6,000 குறைஞ்சது, 13,000 செலவு. பெட்ரோல், வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்க்காமலே 19,000 யூரோ. பதினாலு மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 1,357. அதுல மூணு மாசம் வண்டி ஷெட்ல நின்னது.

அன்னைக்கே வித்திருந்தா? ஜெர்மனியில 15,000 யூரோவுக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் குடும்ப வண்டி வாங்கியிருக்கலாம். மிச்சம் 20,000 யூரோ எமர்ஜென்சி ஃபண்டா பேங்க்ல இருந்திருக்கும். அந்த ஆறு மாசமும் அவர் நிம்மதியா தூங்கியிருப்பார்.

டிரக்கை வித்த அன்னைக்கு ராத்திரி போன் பண்ணினார். நான் மன்னிப்பு கேட்டேன். "நீங்க என்ன அண்ணா பண்ணுவீங்க, நான் டாக்ஸ் மட்டும்தானே கேட்டேன்"னார். பெருந்தன்மையா சொன்னார். ஆனா என் தொழில்ல அது சாக்கு ஆகாது. மருந்துச் சீட்டைக் காட்டி 'இது எத்தனை ரூபா'ன்னு கேட்கிறவங்ககிட்ட, 'உங்களுக்கு என்ன பண்ணுது'ன்னு ஒரு வார்த்தை கேட்கிற கடைக்காரர் நம்ம எல்லார் ஊர்லயும் ஒருத்தர் இருப்பார். நான் அன்னைக்கு விலையை மட்டும் சொல்லி அனுப்பிட்டேன்.

அப்பா போட்டோ இப்பவும் ஹால்ல அதே இடத்துலதான் இருக்கு. அதைக் கொண்டுபோக அவருக்குக் கப்பல் தேவைப்படலை.

உங்க வண்டி, உங்க லோன், நீங்க போற ஊர், மூணையும் கமெண்ட்ல போடுங்க. பதில் கொஞ்சம் லேட்டா வரும். ஒரே வரியில நிச்சயமா வராது.